நங்கை பார்த்துக்கொண்ட லாகின்கள்

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காளை நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கையைப் புகழ்ந்து எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் ஏதும் அடிக்கிறதா என்று. நாத்தனாரைத் திட்டி எழுதினால் ஊரே படிக்கும், புகழ்ந்து எழுதினால் யார் படிப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. படிக்காதவர்கள் படிக்காமல் போகட்டும். எனக்கு எழுதியாக வேண்டும்.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில், டயர் ரீட்ரேடிங் செய்யும் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே ரப்பர் வேகும் வாசனை நாள் முழுவதும் மேலே ஏறிவரும். அங்கே நானும் நங்கையும் உட்கார்ந்து ஊராருக்கு வலைத்தளம் செய்து தருகிறோம், செய்ததைப் பராமரிக்கிறோம். கோழித்தீவனக் கம்பெனி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, இளம்பிள்ளைச் சேலைக்கடை, தனியார் பள்ளி, கல்யாண மண்டபங்கள் என்று எல்லாத் தினுசிலும் எங்களுக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு. தளத்தைக் கட்டுவது நான். கட்டியதைக் காப்பது நங்கை.

நங்கை முன்பு ஒரு கல்லூரியில் கணினி வகுப்பு எடுத்தவர். கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய் மாணவர்களைப் பிடித்துவரச் சொன்னார்கள். ஒரு வருஷம் போனார், இரண்டாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நான் தனியாக அலுவலகம் போட்டிருந்த நேரம் அது. "நான் வாரேன் சாமி, உனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார். நாத்தனாரோடு ஒரே அறையில் பகல் முழுக்க உட்காருவதா என்று எனக்குத் திக்கென்றது. கணவரிடம் சண்டையும் போட்டேன். இப்போது அவர் ஒரு நாள் லீவு போட்டால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

பிளகின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மிக்சி ஒன்றுதான், சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார் மாட்டுகிறோம் அல்லவா? வலைத்தளத்தில் அப்படி மாட்டிக்கொள்ளும் ஜார்தான் பிளகின். படிவம் வேண்டுமானால் அதற்கொன்று, தேதி குறிக்கும் காலண்டர் வேண்டுமானால் அதற்கொன்று. மிக்சி ஜாரைப்போல இவை வாயை மூடிக்கொண்டு வேலை செய்வதில்லை என்பதுதான் தொல்லை. ஒவ்வொன்றையும் செய்த கம்பெனியில் ஒரு கணக்குத் திறந்து லாகின் செய்ய வேண்டும். அவ்வப்போது அது "நீ யார்?" என்று கேட்கும். பாஸ்வேர்டு சொன்னால் போதாது, போனுக்கு ஒரு ஓடிபி அனுப்பும், அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் இருக்கிற பெரும்பாலானோர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எல்லா வாடிக்கைக்காரரின் தளத்துக்கும் தங்கள் பெயரில் ஒரே கணக்கு, தங்கள் போன் நம்பர். வேலையும் சுலபம், வாடிக்கைக்காரரின் குடுமியும் கையில் இருக்கும். நானும் அப்படியே செய்யலாம் என்றேன். நங்கை கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு, அவரவர் போனுக்கு ஓடிபி. எங்களுக்கு உள்ளே போய் வேலை பார்க்க அனுமதி மட்டும்.

"நாளைக்கு நம்மளப் புடிக்கலீனா அவங்க போகோணுமல்லோ? போறவங்க அவங்க சாவியோட போகோணும்" என்றார்.

"அப்படிப் போறவங்களுக்கு நாமளே வண்டி வெச்சு அனுப்பலாமுங்க நங்கை" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நங்கை சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஒரு தளத்தில் ஏதாவது கழன்றுகொண்டால் அந்த வாடிக்கைக்காரரைப் போனில் பிடித்து ஓடிபி வாங்க வேண்டும். நங்கை போன் பேசுவதைக் கேட்க வேண்டும். எடுத்ததும் "ஏனுங்க, சோறுண்டாச்சுங்களா?" என்பார். கோழித்தீவனக்காரரிடம் முட்டை விலை, சேலைக்கடைக்காரரிடம் தறிக்கு ஆள் கிடைக்கிறதா என்ற பேச்சு. அதன் பிறகு, "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். என்னத் தவர வேற யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும், எதுக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்பார். எங்களையே சந்தேகப்படும்படி வாடிக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆள் அவர். அதனால்தான் யாரும் அவரைச் சந்தேகப்படுவதில்லை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

ஆனால் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே! ஓடிபிக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்றால் வாயில் வந்ததைக் கொடுப்பார்கள். சேலைக்கடைக்காரர் தன் மச்சானின் நம்பரைக் கொடுத்தார், தனக்கு ஏற்கெனவே நிறையப் போன் வருகிறதாம். பள்ளித் தாளாளர் பஸ் டிரைவரின் நம்பரைக் கொடுத்தார். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மல்லசமுத்திரத்து மண்டபக்காரர். அவருக்கு மண்டபம் பிறகு வந்தது, முதல் தொழில் ரிக். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஒவ்வொரு ரிக்கிலும் கம்பெனி பெயரில் ஒரு போன் இருக்கும். அந்தப் போனின் நம்பரைத்தான் அவர் மண்டபத்து லாகினுக்குக் கொடுத்திருந்தார்.

"ஊட்டுப் போனுல சார்ஜ் தீந்து போயிருமுங்க. ரிக்கு போனு எந்நேரமும் வண்டி பேட்டரியில ஓடீட்டே இருக்கும்" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. மல்லசமுத்திரத்தில் இருக்கிற மண்டபத்தின் காலண்டரைத் திறக்க, சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் மணி அடிக்கும். நம்பரை மாற்றிக்கொள்ளச் சொல்லி நங்கை பல தடவை கேட்டார். "ஆகட்டுமுங்க" என்றாரே தவிர ஆகவில்லை.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு காலை, அலுவலகத்துக்கு வந்து பார்த்தால் எல்லாத் தளங்களிலும் காலண்டர் பிளகின் கழன்றிருந்தது. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி பாதுகாப்பை இறுக்குகிறேன் என்று உலகம் முழுக்க எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டது. ஒவ்வொரு தளத்திலும் புதிதாக லாகின் செய்து, ஓடிபி கொடுத்து உள்ளே வர வேண்டும். அதுவரை காலண்டர் வெளியே பார்க்க உயிரோடு இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் மண்டபக்காரர் தன் போனில் குறிக்கும் தேதி தளத்துக்குப் போய்ச் சேராது.

நான் அந்தக் கம்பெனிக்காரனைத் தமிழில் எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு திட்டினேன். நங்கை தண்ணீர் குடித்துவிட்டுப் போனை எடுத்தார். சோறுண்டாச்சுங்களா, சோறுண்டாச்சுங்களா என்று மதியம் வரை கேட்டுக் கேட்டு ஒவ்வொரு தளமாக மீட்டார். அந்தப் பக்கம் ஒருவர் நம்பரைத் தப்பாகப் படிப்பார், ஒருவர் பழைய நம்பரைப் படிப்பார், ஒருவர் மருமகளைக் கூப்பிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நங்கையின் குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. நானாக இருந்தால் பாதி வாடிக்கைக்காரர்கள் அன்றைக்கே ஓடியிருப்பார்கள்.

மிஞ்சியது மல்லசமுத்திரத்து மண்டபம் மட்டும். ரிக் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. நங்கை மண்டபக்காரரைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். சிக்னல் கிடைக்கிறவரை தளத்தில் தேதி பதியும் பக்கத்தை மூடி வைக்கிறேன் என்றார்.

"மூடீட்டா கடையச் சாத்துன மாதிரி ஆயிருமுங்க. வைகாசி மூர்த்தத்துக்கு இப்பத்தான் கேட்டு வாராங்க" என்று அவர் தடுத்தார். "நேர்ல யாராச்சும் தேதி கேட்டு வந்தா நான் உடனே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றேன். நீங்க கையில போட்டுருங்க."

மண்டபம் அவருடையது. அவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். நங்கை அரை மனதோடு சம்மதித்து, தினமும் காலையில் அவருக்குப் போன் போட்டுப் புதிதாகத் தேதி ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து ரிக் மேனேஜரே கூப்பிட்டார். வண்டி காட்டைவிட்டு வெளியே வந்திருந்தது, அடுத்த கிணறு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஓடிபியோ சில நிமிடம்தான் செல்லும். துளை போடுவதை நிறுத்தச் சொல்ல முடியாது. நங்கை போனை நெருக்கிப் பிடித்துக் கத்தினார்: "ராடு எப்பங்க மாத்துவீங்க?"

ஒரு ராடு முழுதாக மண்ணுக்குள் இறங்கியதும் காற்றை நிறுத்தி அடுத்த ராடை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில்தான் பேசினால் காது கேட்கும். நங்கை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் இறங்க ஆரம்பித்ததும் என்னைப் பார்த்து "இப்ப!" என்றார். நான் ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கம் மேனேஜர் தூசியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். நங்கை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். கடைசி எண்ணைத் தட்டியதும் காலண்டர் திறந்தது. மறுபடி அங்கே கம்ப்ரசர் அலறத் தொடங்கியது. நான் கை தட்டினேன். இந்த மாதிரி ஒரு ஆள் பெரிய கம்பெனியில் இருந்திருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள்.

கை தட்டிய சந்தோஷம் நிலைக்கவில்லை. மண்டபக்காரர் தன் போனில் குறித்திருந்த தேதிகள் ஒவ்வொன்றாகத் தளத்துக்கு வந்து சேர்ந்தன. வைகாசியில் ஒரே மூர்த்த நாளில் இரண்டு கல்யாணம் பதிவாகியிருந்தது.

ஒன்று மல்லசமுத்திரத்துக் குடும்பம். மண்டபக்காரருக்கு உறவு. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி கேட்டிருக்கிறார்கள், அவரும் சரியென்று தன் போனில் குறித்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை நங்கை கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, கொடுத்தது அவர் கணக்கில் புக்கிங்கே இல்லை. இன்னொன்று சேந்தமங்கலத்துப் பெண் வீடு. அவர்கள் இரண்டு நாள் கழித்துத் தளத்தில் பதிந்தவர்கள். அப்போது அந்தத் தேதி காலி என்று பச்சையாகத்தான் காட்டியது. பதிவாகிவிட்டது என்று தகவலும் தானாகப் போயிருந்தது.

"போனுல போட்டா தானா உங்க கம்ப்யூட்டருக்கு வந்துருமல்லோன்னு இருந்துட்டேனுங்க" என்றார் மண்டபக்காரர். பிறகு, "ஒறம்பரைய வேண்டாம்னு சொல்ல முடியாதுங்க. சேந்தமங்கலத்துக்காரங்ககிட்ட வெப்சைட்டுத் தப்புன்னு மெதுவா நாலஞ்சு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெப்சைட் தப்பாம்! நான் பேச வாயைத் திறப்பதற்குள் நங்கை முந்திக்கொண்டார்.

"நாள் போகப் போக மத்த மண்டபமெல்லாம் நெறஞ்சிருமுங்க. இன்னிக்கே சொல்லோணும். நாங்க போறோம்."

"நாம எதுக்குப் போகோணும்?" என்று போனை வைத்ததும் கத்தினேன். "நம்ம தப்பா?"

"தப்பு யாருதுன்னு அப்பறம் பேசலாஞ் சாமி. ஒரு பொண்ணுக்கு மண்டபம் இல்ல. அது அவளுக்கு இன்னும் தெரியாது. வண்டிய எடு."

என் ஸ்கூட்டரில்தான் போனோம். வழி நெடுக நான் முனகினேன். பின்னால் உட்கார்ந்திருந்த நங்கை வழி மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

சேந்தமங்கலத்தில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்த வீடு. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போகிறவர். மகள் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று ஊரில் இருந்தாள். மண்டபத்தைத் தன் போனிலேயே தேடிப் பிடித்துப் பதிந்தவள் அவள்தான். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார், சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். லீவு அந்த ஒரு மூர்த்தத்தை ஒட்டித்தான். அதைவிட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அப்பா இல்லாத வீட்டில் கல்யாணத்தை ஒழுங்காக நடத்துவார்களா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, மண்டபம் பதிந்த தகவலைக் காட்டித்தான் இவர்கள் அவர்களுடைய வாயை அடைத்திருந்தார்கள். பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது.

நங்கை சுற்றி வளைக்கவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, தண்ணீரைக்கூடத் தொடாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். ரிக் போன், கழன்ற லாகின், உறவுக்காரர் வைத்த வெற்றிலை பாக்கு, எதையும் விடவில்லை.

மகள் தன் போனை எடுத்து எங்களிடம் நீட்டினாள். அன்றைக்குப் படம் பிடித்து வைத்திருந்த காலண்டர் அதில் இருந்தது.

"நான் போட்டப்பப் பச்சையாத்தானுங்க இருந்துச்சு? நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணீட்டனா?"

"இல்லீங் கண்ணு. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. பச்சையாத்தான் இருந்துச்சு" என்றார் நங்கை.

அம்மா சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலை என்றிருக்கும். அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "நேர்ல வந்து சொன்னீங்களே" என்றார். பிறகு சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்பள ஊட்டுக்கு என்னன்னு சொல்லுவேன்?" என்று எங்களிடமே கேட்டார். வரும் வழியில் நான் முனகவில்லை. அந்தத் தேதிக்கு வேறு மண்டபம் எங்களால் பிடிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

அன்றும் மறுநாளும் நங்கை விடாமல் போன் பேசினார். நாமக்கல், ராசிபுரம், சேலம் வரை விசாரித்தார். வைகாசியில் நல்ல மூர்த்தம், எங்கே கிடைக்கும்? எல்லாம் நிறைந்திருந்தது.

மிச்சமிருந்தது புதன்சந்தைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மண்டபம். சேந்தமங்கலத்துக்குப் பக்கம். அதன் தளமும் எங்களுடையதுதான். மற்ற மண்டபக்காரர்கள் தேதிகளை எல்லாரும் பார்க்கும்படி தளத்தில் போடச் சொல்வார்கள். இந்தப் பெரியவர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். "காலியாக் கெடந்தா ஊருக்குத் தெரிஞ்சிருமுங்க" என்பது அவர் காரணம். அதனால் அவருடைய காலண்டர் உள்ளேதான் இருக்கும். அவர் பார்க்கலாம். லாகின் இருப்பதால் நாங்களும் பார்க்கலாம். காலையிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷமுங்க நங்கை" என்று நான் மவுசைப் பிடித்தேன். "உள்ள போய்ப் பாத்தர்லாம். காலியா இருந்தா நேரா அவரு ஊட்டுக்கே போயி நிக்கலாம். இல்லீனா இத விட்டுட்டு வேற எடம் பாக்கலாம்."

"வேண்டாஞ் சாமி."

"ஏனுங்க? லாகின் நம்மகிட்ட இருக்குது. திருடவா போறோம்?"

"நாம உள்ள போறது பழுது பாக்கறதுக்கு. அவங்க மண்டபத்துல யாரு எப்பக் கல்யாணம் வெக்கறாங்க, எந்த நாளு காலின்னு பாக்கறதுக்கு இல்ல. அதையுமில்லாம அவரு ஊருக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லி வெச்சவரு."

"அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தீங்கல்ல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு தேதியப் பாக்கறதுல என்ன குடி முழுகிப்போகுது?"

"பொண்ணுக்காக ஒருக்காப் பாப்போம். அடுத்தது வேற ஒண்ணுக்காகப் பாப்போம். அப்பறம் பாக்கறது பழகீரும்" என்றார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "எந்திரி, டீ குடிச்சுட்டு வரலாம்."

நான் டீ குடிக்கப் போகவில்லை. கோபத்தில் உட்கார்ந்தே இருந்தேன். பாஸ்வேர்டு என் விரல் நுனியில் இருந்தது. ஆனாலும் கை போகவில்லை. நங்கை மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்த அந்த நேரத்திலும், அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்ய மனசு வரவில்லை. அதற்குப் பெயர் மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குமேல் பெரியவரே கூப்பிட்டார். தோட்டத்தில் மோட்டார் பழுதாம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாராம். நங்கை போனை ஸ்பீக்கரில் போட்டார். சோறுண்டாச்சுங்களா என்று ஆரம்பித்து, சேந்தமங்கலத்துக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "அந்தத் தேதி உங்க மண்டபத்துல கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.

பெரியவருக்கு ஆச்சரியம். "ஏனுங்க, உங்ககிட்டத்தான் பாஸ்வேர்டு இருக்குதல்லோ? உள்ள போயி நீங்களே பாத்துக்கலாமுல்லீங்க?"

"இருக்குதுங்க" என்றார் நங்கை. "அதனாலதான் கேக்கறேன்."

நான் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பொண்ணுக்கு அப்பா இல்லைன்னு சொன்னீங்க?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க."

"ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்படறேனுங்க."

பொழுது சாய்வதற்குள் கூப்பிட்டார். "அவங்கள வரச் சொல்லுங்க. குடுத்தர்லாம்" என்றார். அவ்வளவுதான். வேறு எதையும் அவர் சொல்லவில்லை, நங்கையும் கேட்கவில்லை. நங்கை சேந்தமங்கலத்துக்குப் போன் போட்டார். அந்த அம்மா அழுதது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லையே. "பாத்தீங்களா, காலியாத்தான் இருந்திருக்குது" என்றேன். "காலைல நான் சொன்னப்பவே உள்ள போய்ப் பாத்திருந்தா, இத்தன நேரம் அந்த அம்மாவத் தவிக்க உட்டிருக்க வேண்டாமுல்ல?"

"இருக்கட்டுஞ் சாமி, கெடச்சிருச்சுல்ல" என்றார் நங்கை. அவருக்கு அதைப் பற்றி வாதாடும் ஆசையே இல்லை. மறு நாளே மல்லசமுத்திரத்துக்காரரை விடாமல் நச்சரித்து, மண்டபத்து லாகினை ரிக் போனிலிருந்து அவர் மனைவியின் போனுக்கு மாற்றினார்.

கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் வீடு தேடி வந்து அழைத்திருந்தார்கள். மண்டபம் முழுக்க ஜனம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முன் வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டியதும் அந்த நர்ஸ் பெண் கூட்டத்தில் எங்களைத் தேடிப் பிடித்து, மேடையிலிருந்தே நங்கையைப் பார்த்துக் கும்பிட்டாள். நங்கைக்குக் கூச்சம். யாரையோ கூப்பிடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பந்தியில் எனக்கு ஒரு பக்கம் நங்கை. மறு பக்கம் வந்து உட்கார்ந்தவர் மண்டபத்துப் பெரியவரின் மனைவி. நல்ல கலகலப்பான அம்மா. சாம்பார் ஊற்றும்போதே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள்தான் வெப்சைட் ஆட்கள் என்று தெரிந்ததும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எங்க பேத்திக்கு இங்க காதுகுத்து வெச்சிருந்தோமுங்க" என்றார். "தை மாசமே எங்கூட்டுக்காரரு கம்ப்யூட்டருல இந்தத் தேதியச் செவப்பாப் போட்டு வெச்சிருந்தாரு. செவப்பா இருந்தா மறந்தும் வேற யாருக்கும் குடுத்தர மாட்டாராமா. அன்னிக்கு உங்க நங்கை போன்ல கேட்டாங்கல்ல, வெச்சுட்டு வந்து எங்கிட்டச் சொன்னாரு: 'சாவிய வெச்சுக்கிட்டு, தொறக்காம வாசல்ல நின்னு கேக்கறாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?'ன்னு. காதுகுத்து என்னங்க, ஆனில வெச்சுக்கிட்டாப் போவுது. கல்யாணம் அப்படிங்களா?"

என் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது.

காலியாக இருக்கவில்லை. சிவப்பாகத்தான் இருந்திருக்கிறது. அன்று காலை நான் உள்ளே போயிருந்தால் அந்தச் சிவப்பைத்தான் பார்த்திருப்பேன். "இங்கயும் இல்லீங்க நங்கை" என்று சொல்லி மூடியிருப்பேன். பெரியவரிடம் நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

திரும்பி நங்கையைப் பார்த்தேன். அந்த அம்மா பேசியது அவர் காதில் விழவில்லை. இலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, சோறுண்டாச்சுங்களா? இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். இவரோடு ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டவள் நான்.

கண் கலங்கிவிட்டது. "என்னாச்சுங் கண்ணு?" என்று பதறினார் பெரியவரின் மனைவி.

"ரசம் காரமுங்க" என்றேன்.

ரசம் இன்னும் பந்திக்கே வரவில்லை.